எடை எழும் வேகத்தைக் காட்டும், கையில் கட்டும் சென்சாரைப் பார்த்து ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) எடையை முடிவு செய்யலாமா?

தொண்டியில் கபடிப் பையன்களுக்குப் பயிற்சி தரும் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. செய்யலாம். ஆனால் மணிக்கட்டில் வேண்டாம், எடை மாட்டும் ராடிலேயே இறுக்கிக் கட்டுங்கள். சென்சார் முடுக்கத்தை அளந்துதான் வேகத்தைக் கணக்கிடுகிறது. மணிக்கட்டு லேசாகத் திரும்பினாலே கணக்கு பிசகும்.

மண்டபம் ஊரில் என்னிடம் வரும் பையன்களில் சிலர் இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வருவார்கள். கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே" என்பார்கள். ஆனால் வழக்கமாக வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் எழும் அதே 80 கிலோ அன்று 0.5-ஐத் தாண்டாது. உடனே எடையைக் குறைத்துவிடுவேன். எனக்கு இந்தக் கருவியின் பெரிய உதவியே இதுதான்.

அப்புறம், ஒரு செட்டில் (இடைவெளி இல்லாமல் தொடர்ந்து எழும் சுற்றில்) வேகம் 20 சதவீதம் குறைந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவனின் வேகத்தை இன்னொருவனின் வேகத்தோடு ஒப்பிடாதீர்கள்.