டிங்கிக்குப் பிறகு விந்தணு குறைவு: மறுசோதனைக்கு ஏன் 3 மாதம் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு டிங்கி வந்து 5 வாரத்தில் எடுத்த விந்துச் சோதனையில் மில்லிலிட்டருக்கு 6 மில்லியன்தான். டாக்டர் மருந்தே தராமல் 3 மாதம் கழித்து வரச் சொல்கிறார். ஏன்?

டாக்டர் சொன்னது சரி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 16 மில்லியன். அதைப் பார்த்தால் 6 குறைவுதான். ஆனால் அந்த எண்ணில் தெரிவது காய்ச்சல் அடித்த நாள்களின் நிலை.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். பிறகு விரையை ஒட்டிய சுருள்குழாயில் முதிர்ந்து வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இந்தச் சோதனையில் வந்த அணுக்கள் காய்ச்சலின்போது வால்கூட முளைக்காத உருண்டை அணுக்கள். விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியது; காய்ச்சல் சூட்டை அந்தப் பருவம் தாங்காது, நிறைய அணுக்கள் செத்துப்போகும்.

பிழைத்தவற்றுக்கும் சிக்கல் உண்டு. மற்ற உயிரணுக்களில் டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதத்தைச் சுற்றியிருக்கும். விந்தணுவில் ஹிஸ்டோனின் பெரும்பகுதி வெளியேறி, புரோட்டமின் 1, 2 என்ற சிறு புரதங்கள் வந்து டிஎன்ஏவை இறுக்கிக் கட்டும். மிஞ்சும் ஹிஸ்டோன் 5 முதல் 15 விழுக்காடுதான். இறுகிய பிறகு மரபணுவைப் படிக்க முடியாது. அதனால் புரோட்டமினுக்கான எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணு நகல்) உருண்டைப் பருவத்திலேயே தயாராகி, கட்டுச்சோறு மாதிரி மூடிக் கிடந்து, பல நாள் கழித்துத்தான் புரதமாகும். முன்கூட்டியே ஆனாலும் கேடுதான்: 1995இல் எலிகளில் புரோட்டமின் 1 சீக்கிரமே உருவாகும்படி செய்தபோது உட்கரு அகாலத்தில் இறுகி, வளர்ச்சி நின்று, எலிகள் மலடாயின. கடும் காய்ச்சலுக்குப் பின் வந்த விந்தணுவில் ஹிஸ்டோன் வழக்கத்தைவிட அதிகம் தங்கியிருந்ததும், அதாவது கட்டும் வேலை அரைகுறையாக நின்றதும், பதிவாகியிருக்கிறது.

முதிர்ந்த விந்தணு புதிய புரதம் செய்து தன்னைச் சரிசெய்துகொள்ளாது. எந்த மாத்திரையும் அதைத் திருத்தாது. புதுத் தொகுதி வந்தால்தான் உண்டு. 3 மாதத்தைக் காய்ச்சல் விட்ட நாளிலிருந்து எண்ணுங்கள்.

சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் எந்த வகையிலும் விந்து வெளியேறக் கூடாது. மாதிரியை ஈப்போ ஆய்வகத்திலேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோனால் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கவும். மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் போனால் அசைவுக் கணக்கு தப்பாகும். முதல் துளி சிந்தினாலும் சொல்லிவிடுங்கள், விந்தணு அதிகம் அதில்தான். இடையில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; விரையைத் தூண்டும் மூளைச் சுரப்பிகளை அது அடக்கி, எண்ணிக்கையைச் சுழியத்துக்கே இறக்கலாம்.

மறுசோதனையிலும் 5 மில்லியனுக்குக் கீழே நின்றால் காய்ச்சல்மேல் பழி போட வேண்டாம். குரோமோசோம் சோதனையும், ஒய் குரோமோசோமில் விந்தணு உருவாகத் தேவையான ஏஇசட்எஃப் பகுதி விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையும் கேளுங்கள். அதில் ஏஇசட்எஃப்-சி என்ற துண்டு மட்டும் விடுபட்டிருந்தால் விந்தணு கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அந்தக் குறை பிறக்கும் மகனுக்கும் போகும்.