கேளுங்க, ஆச்சி சொல்லுதேன்

கேள்வி: ஆச்சி, எம்மவனுக்கு அடுத்த வாரம் 7வது பொறந்தநாளு, 15 பிள்ளைய வருது. போன வருசம் மியூசிக்கல் சேர் வச்சேன், பாதி அழுதுட்டுல்லா போச்சு. வேற என்ன வெளயாட விடலாம்?
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: அழாம என்னட்டி செய்யும், 15 பிள்ளைக்கு 14 சேரு, மொத ரவுண்டுலயே அவுட்டான சின்னது கடைசி வரைக்கும் கேக்கப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்லா. பேசாம கொலகொலயா முந்திரிக்கா வையி. எல்லாத்தயும் வட்டமா உக்கார வச்சி, ஒருத்தன் துணிய மறைச்சிக்கிட்டே சுத்தி ஓடி யாரு முதுகுக்குப் பின்னால போடுதானோ அவன் எந்திச்சி வெரட்டணும், அதுக்குள்ள போட்டவன் அந்தக் காலி எடத்துல உக்காந்துட்டா, வெரட்டுனவன் அடுத்து துணிய எடுக்கணும், அவ்வளவுதான், யாருமே அவுட் கெடயாது. மொட்டமாடில மட்டும் வச்சிராத, முத்தத்துல வையி.

களைச்ச பொறவு கிச்சுக்கிச்சு தாம்பாளம். மணல நீளமா வரப்பு மாதிரி குமிச்சி உள்ள சின்னக் குச்சிய ஒளிக்கணும், எதிராளி ரெண்டு கையயும் கோத்து குச்சி இருக்க எடத்தப் பொத்தணும். புளியமுத்துல ஒத்தையா ரெட்டையாவும் போடலாம், ஆனா 3 வயசுக்குள்ள உள்ளது வந்தா முத்து, வெடிச்ச பலூன் துண்டு ரெண்டும் கைல சிக்காமப் பாத்துக்க, தொண்டைல அடைச்சிரும்.

பரிசு எல்லாத்துக்கும் ஒண்ணுபோல அல்வாப் பொட்டலம். பம்பரம் வேண்டாம்ட்டி, எங்க வீட்டு மொசைக் தரைல விழுந்த குழி இன்னும் கெடக்கு.