டிரிஃப்ட் ஓட்ட டயரில் எவ்வளவு காற்று? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிரிஃப்ட், அதாவது பின் சக்கரங்களைச் சறுக்கவிட்டு வளைவில் காரைப் பக்கவாட்டாக ஓட்டும் பயிற்சி நாட்களுக்குப் போகிறவர்களுடையவை. கீழே நான் தரும் பிஎஸ்ஐ (காற்றழுத்த) அளவுகள் சாதாரண சாலை டயருக்கானவை. பந்தய டயர் போட்டிருப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் டொயோட்டா 86 காரில் பின் டயருக்கு நண்பர் சொன்னபடி 20 பிஎஸ்ஐ வைத்தேன். பாதி வளைவிலேயே சறுக்கல் நின்று கார் நேராகிவிடுகிறது. அவர் காரில் மட்டும் இதே அளவு எப்படி நன்றாக இருக்கிறது?
ஈசூன் வாசகர்

நண்பருடையது என்ன எஞ்சின் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பின்னால் 20 வைத்தும் சறுக்கல் தொடர்கிறதென்றால், அது டர்போ பூட்டிய, உங்களுடையதைவிட ரொம்பவே வலுவான காராகத்தான் இருக்கும். சக்கரத்தைச் சுழல வைப்பது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. சுழன்றுகொண்டே கார் முன்னேறவும் வேண்டுமே, அதற்குப் பிடிமானம் தேவை. அதனால் காற்றை இறக்கி, டயர் தரையில் அகலமாகப் படும்படி செய்கிறார்.

உங்கள் 2 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 200 குதிரைத்திறன். பின் டயர் தரையைக் கவ்விக்கொண்டால், அதைப் பிய்த்துச் சுழல வைக்க அந்த வலு போதாது. எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) விழுகிறது, டயர் பிடிக்கிறது, கார் நேராகிறது. ஆகவே நீங்கள் போக வேண்டியது எதிர்த் திசையில். குளிர்ந்த டயரில் பின்னால் 40, முன்னால் 33 வைத்துத் தொடங்குங்கள். இன்னும் பிடித்தால் பின்னால் மட்டும் 2 ஏற்றுங்கள். தொட்டதும் வால் வீசி, கார் முழுவதுமாகச் சுற்றிவிட்டால் 2 இறக்குங்கள். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

டயரின் பக்கச்சுவரில் உச்ச அளவு அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 44 அல்லது 51 பிஎஸ்ஐ. அது குளிர்ந்த டயருக்கான வரம்பு, அதைத் தாண்டவே கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன்: 200 குதிரைத்திறன் காருக்குக் காற்றைவிட டயர் தேர்வுதான் பெரிய உதவி. முன்னால் நல்ல பிடிமானமுள்ள ஜோடி, பின்னால் விலை குறைந்த, கெட்டியான ரப்பர் ஜோடி. இதைச் செய்துவிட்டால் காற்றை வைத்து இவ்வளவு போராட வேண்டியிருக்காது.

முந்தின இரவு உட்லண்ட்ஸ் பெட்ரோல் நிலையத்தில் நான்கு டயருக்கும் 32 வைத்தேன். மறுநாள் தடத்தில் சில சுற்றுகள் ஓட்டியபின் பின் டயர்கள் 40 காட்டின. அளவுமானி பழுதா?
உட்லண்ட்ஸ் வாசகர்

பழுதாக இருக்க வேண்டியதில்லை. இந்த அளவில் உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ ஏறும். இரவில் 28 டிகிரியில் 32 இருந்தது 40 ஆகியிருக்கிறது என்றால், உள்ளே சுமார் 80 டிகிரி. டிரிஃப்ட் ஓட்டிய பின் டயருக்கு இது சாதாரணம்.

நீங்கள் ஓட்டுவது சூடான டயரில்தான். அதனால் குறித்து வைக்க வேண்டியதும் சூடான அளவைத்தான். ஓட்டி முடித்து உள்ளே வந்ததும், டயர் ஆறுவதற்குள் நான்கையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எப்போதும் ஒரே அளவுமானி, அதுவும் உங்களுடையதாக இருக்கட்டும். பெட்ரோல் நிலையத்துக் கருவியும் தடத்துக் கருவியும் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது.

வெயிலையும் கவனியுங்கள். காரை நிறுத்தியிருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால், அந்தப் பக்கத்து டயர்கள் அசையாமலேயே ஓரிரு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் காற்றை இறக்கினால், ஓடத் தொடங்கியதும் இடமும் வலமும் வேறுவேறாகிவிடும். காலை அளவை நிழலில் எடுங்கள். சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியத் தடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்த டயரும் சூடாகத்தான் இருக்கும். இறங்கியதும் அளக்காமல் ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள்.

நைட்ரஜன் நிரப்பினால் அழுத்தம் ஏறாதாமே?
தெம்பனிஸ் வாசகர்

ஏறும். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வித்தியாசம் வருவது ஈரப்பதத்தால். ஈரமில்லாத காற்றே போதும், காசை டயருக்கு வையுங்கள்.

பின்னால் 18 பிஎஸ்ஐ வைத்து ஓட்டினேன். டயர் ரிம்மைவிட்டுக் கழன்று, ரிம் தரையில் உரசிவிட்டது. எதுவரை இறக்கலாம்?
ஜூரோங் வெஸ்ட் வாசகர்

டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்து வைப்பதே உள்ளே இருக்கும் காற்றுதான். பக்கவாட்டில் இழுபடும்போது அந்தப் பிடி தளர்ந்தால் கழன்றுவிடும். போட்டியாளர்கள் 18-க்கும் கீழே இறக்குவது உண்மைதான். ஆனால் அவர்களுடைய டயரின் பக்கச்சுவர் வேறு, ரிம்மும் வேறு. சாலை டயரில் பின்னால் 25-க்குக் கீழே, முன்னால் 30-க்குக் கீழே இறங்க நான் சொல்ல மாட்டேன். அகலமான ரிம்மில் ஒடுக்கமான டயரை இழுத்துப் போட்டிருந்தால் இன்னும் கூடுதலாக வையுங்கள்.

எதுவரை என்பதை டயரிடமே கேட்கலாம். சாதாரண சாக்பீஸால் டயரின் தோள்பட்டையிலிருந்து (தரையில் படும் பகுதியின் ஓரம்) பக்கச்சுவர் வரை மூன்று நான்கு இடங்களில் கோடு போடுங்கள். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு தோள் வரை மட்டும் அழிந்திருந்தால் சரி. பக்கச்சுவர் எழுத்துகள் வரை அழிந்திருந்தால் டயர் மடிந்து படுக்கிறது, காற்று போதவில்லை. தோளில் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம்.

மகன் மாதம் ஒரு முறை காரை எடுத்துக்கொண்டு மலேசியா போகிறான். பின் டயர்கள் நடுவில் மட்டும் போத்தாக் (வழுக்கை) ஆகியிருக்கின்றன, ஓரங்கள் புதுசு போல இருக்கின்றன. சக்கரக் கோணம் சரியில்லையா?
செங்காங்கிலிருந்து ஒரு தந்தை

அண்ணா, நடுவில் மட்டும் தேய்வது அதிகக் காற்றின் அடையாளம். டிரிஃப்டுக்காக உங்கள் மகன் பின்னால் காற்றை ஏற்றுகிறார் என்று தெரிகிறது. அது முறைதான். ஆனால் அதே டயரில், அதே காற்றோடு வீட்டுக்கும் ஓட்டி வருகிறாரா என்று கேளுங்கள். டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சாலையில் ஓட்டச் சட்டம் விடாது. அளக்கும்போது ஓரத்தில் அளக்காதீர்கள், நடுவில் அளக்க வேண்டும். பின்னால் போட இன்னொரு ஜோடி சக்கரம் வாங்கிக் கொடுங்கள். சண்டை போடுவதைவிட அது நல்லது.

இரவு 2 மணிக்குத் துவாஸ் தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாக இருக்கும். அந்தத் தார்ச்சாலைக்கு எத்தனை பிஎஸ்ஐ?
பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தம்பி, இதற்கு நான் எண் தர மாட்டேன். அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து சைக்கிளில் தங்கும் விடுதிக்குத் திரும்பும் தொழிலாளி வருவார், லாரி வரும். யாருக்கும் அடிபடாவிட்டாலும்கூட, ஆபத்தாக ஓட்டியதற்கு 12 மாதம் வரை சிறையும் 5,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. சாங்கியில் நிரந்தரப் பந்தயத் தடம் கட்டும் திட்டம் கைவிடப்பட்டதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் எல்லை தாண்டினால் ஜோகூரிலும் செப்பாங்கிலும் அனுமதியோடு ஓட்ட வழி இருக்கிறது. அங்கே போய் ஓட்டுங்கள், அப்புறம் எழுதுங்கள். எத்தனை பிஎஸ்ஐ என்று விரிவாகவே சொல்கிறேன்.

பிற்பகலில் மழை வந்துவிட்டால் காற்றை மாற்ற வேண்டுமா?
பொங்கோல் வாசகர்

மாற்ற வேண்டும், பலர் இதைத்தான் மறக்கிறார்கள். வெயிலில் ஓட்டி 80 டிகிரி வரை சூடான டயரை 34-க்கு இறக்கி வைத்திருப்பீர்கள். மழைத் தண்ணீரில் டயர் 30 டிகிரிக்கு ஆறினால் அதே டயரில் 27தான் இருக்கும். யாரும் வால்வைத் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் ஸ்டியரிங் கனத்துப் போயிருக்கும். ஈரத் தரையில் வழுக்குவதற்கு அதிகக் காற்று தேவையில்லை. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை நான்கு டயருக்கும் வைத்தாலே போதும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் நல்ல பாடமும்கூட.

வெயிலோ மழையோ, கிளம்பும் முன் டயரை ஆறவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி கதவோர அளவுக்குக் கொண்டுவாருங்கள். காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீர்மேல் சீக்கிரமே மிதக்கத் தொடங்கிவிடும். காரிலேயே செருகி ஓட்டும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றைப் பின்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.