வார்ஃபரினோடு விற்றமின் ஈ: ஈறில் இரத்தம் வருவது பற்றி

வைத்தியர் பார்க்கும்வரை உங்கள் அம்மாவுக்கு விற்றமின் ஈ குளிசையைக் கொடுக்க வேண்டாம். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரினை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

காலில் இரத்தம் உறைந்து கட்டியதற்காக வார்ஃபரின் எடுக்கும் அம்மா, தோல் வறட்சிக்கென ஒரு மாதமாக 400 அலகு விற்றமின் ஈ குளிசையும் விழுங்குகிறார், இப்போது பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிக அளவு விற்றமின் ஈ, இரத்தம் உறைவதற்குத் தேவையான விற்றமின் கே-யின் வேலைக்குக் குறுக்கே நிற்பதால், அதே வேலையைத் தடுக்கும் வார்ஃபரினின் வீரியம் கூடியிருக்கலாம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையான விற்றமின் ஈ 15 மில்லிகிராம். இயற்கை வகையில் 400 அலகு என்பது ஏறத்தாழ 268 மில்லிகிராம்.

1. நாளைக்கே ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும்) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உவர்மலையிலிருந்து திருகோணமலை பொது வைத்தியசாலை தூரமில்லை. கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

2. குளிசைப் போத்தலையும் கொண்டுபோங்கள். 'வெறும் சத்துக் குளிசைதானே' என்று நம்மவர்கள் இதை வைத்தியரிடம் சொல்லாமலே விடுவது வழக்கம்.

ஈறு நோயோ, வேறு வலி மாத்திரையோகூடக் காரணமாக இருக்கலாம். மலம் கறுத்தாலோ, திடீரெனக் கடும் தலைவலி வந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தோல் வறட்சிக்குக் குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் பூசலாம். அதில் விற்றமின் ஈ மிகச் சொற்பம். உணவில் வேண்டுமானால் ஒரு கைப்பிடி கச்சான் மேல்.