32-ஆம் நாளில் நெகட்டிவ்: இந்த முடிவை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எனக்கு 27 வயது. ஐந்து வாரங்களுக்கு முன் அறிமுகமில்லாத பெண் ஒருவருடன் உறவு கொண்டபோது ஆணுறை கிழிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. 32-ஆம் நாளில், தனியார் ஆய்வகத்தில் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்ததில் நெகட்டிவ். ஆனாலும் தூக்கமில்லை. நம்பலாமா?

பதில்: பெரிதும் நம்பலாம், ஆனால் இது இறுதி முடிவு அல்ல, இன்னும் ஒரே ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது.

வைரஸ் உடலில் நுழைந்த நாளுக்கும் பரிசோதனையில் அது தென்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தையே விண்டோ பீரியட் என்கிறோம். அதன் நீளம் பரிசோதனைக்குப் பரிசோதனை மாறும். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டு, கோடு ஒன்றா இரண்டா என்று பார்க்கும் ரேபிட் பரிசோதனைகளில் பெரும்பாலானவை, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளை மட்டுமே தேடுவதால், அவற்றுக்கு 90 நாட்கள் வரை ஆகலாம். நான்காம் தலைமுறைப் பரிசோதனையோ ஆன்டிபாடிகளுடன், வைரஸின் பி24 என்னும் புரதத்தையும் சேர்த்துத் தேடுகிறது. ஆகவே நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்தால், தொற்று இருக்கும் பட்சத்தில் 18 முதல் 45 நாட்களுக்குள் அது தெரிந்துவிடும். நீங்கள் செய்த நாள் இந்த இடைவெளிக்குள் விழுகிறது. 45 நாள் முடிந்தபின் அதே பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென இருக்கும் நம்பிக்கை மையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்; உங்கள் ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. அங்கு பொதுவாக ரேபிட் முறையே என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு, ஏதோ சந்தேகம் இருக்கிறது போலும் என்று பலர் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது எல்லோருக்கும் சொல்லப்படுவதுதான்.

காய்ச்சலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனெனில் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள்தான் இருக்கும். உங்கள் காய்ச்சலுக்கு எச்.ஐ.வி. காரணமாக இருந்திருந்தால், அதற்கு இரண்டு வாரத்துக்கும் மேல் கழித்து எடுத்த ரத்தத்தில் அநேகமாக அது அகப்பட்டிருக்கும்.

ஆபத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருந்து, அவர் சிகிச்சையில் இல்லாமலும் இருந்தால்கூட, ஆணுறையற்ற ஒருமுறை யோனிவழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000-இல் 4 என்று மதிப்பிடப்படுகிறது. அவருக்குத் தொற்று இருந்ததா என்பதே உங்களுக்குத் தெரியாது.

இதே நிலையில் இன்றோ நேற்றோ இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாட்கள் எடுக்க வேண்டிய தடுப்பு மாத்திரைகள் உண்டு. உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு மேற்சொன்ன நாள் கணக்கு பொருந்தாது, மருத்துவர் தரும் தேதிகளில்தான் சோதிக்க வேண்டும்.

இறுதி முடிவு வரும்வரை உறவில் ஆணுறை அவசியம். பரிசோதனை இலவசமாக ஆகிவிடும் என்று எண்ணி ரத்த தானம் செய்யவே கூடாது. விண்டோ பீரியடில் கொடுத்த ரத்தம் இன்னொருவர் உடலுக்குப் போய்விடலாம். உறவின் மூலம் பரவும் சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் மூன்றாம் மாத முடிவில் செய்துகொள்ளுங்கள். 45 நாளுக்குப் பிந்தைய எச்.ஐ.வி. முடிவும் நெகட்டிவாக வந்து, அதன் பிறகும் தூக்கம் வரவில்லையென்றால், எச்.ஐ.வி.க்காக மீண்டும் ஆய்வகத்துக்குப் போகாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். விடாத பதற்றத்துக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது.