சிப்புக்குள் எவ்வளவு அடைக்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: சார், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகவா சிப்பில் பொருத்துகிறார்கள்?

பதில்: டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச். அதைப் பொருத்துவதே இல்லை, ஒளியால் அச்சடிக்கிறார்கள். சிலிக்கான் தகட்டில் ஒளி பட்டால் தன்மை மாறும் பூச்சைத் தடவி, மாஸ்க் என்னும் அச்சுப் படிவத்தில் உள்ள வடிவத்தை அதன்மேல் விழவைத்து, வேண்டாத இடத்தை அரித்து எடுப்பார்கள். இப்படியே அடுக்கடுக்காக. 1971-இல் இன்டெல் 4004-இல் 2,300 டிரான்சிஸ்டர்கள்; 2020-இல் ஆப்பிள் எம்1-இல் 1,600 கோடி.

கேள்வி: ஒளியால் அவ்வளவு நுணுக்கமாக வரைய முடியுமா?

பதில்: அலைநீளம் குறைந்தால் கோடும் மெலியும். 193 நானோமீட்டர் ஒளியை வைத்தே, லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் விட்டு, ஒரே அடுக்கைப் பிரித்துப் பிரித்து அச்சடித்து ரொம்ப காலம் ஓட்டினார்கள். இப்போது 13.5 நானோமீட்டர். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்யும் இயந்திரத்தில் உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்குச் சுமார் 50,000 பாய்கின்றன. லேசர் ஒவ்வொன்றையும் அடித்துப் பிளாஸ்மாவாக்க, அதிலிருந்து அந்த ஒளி வருகிறது. அதைக் காற்றும் விழுங்கும், கண்ணாடியும் விழுங்கும். அதனால் எல்லாமே வெற்றிடத்தில். லென்ஸுக்குப் பதில் பிரதிபலிக்கும் ஆடிகள். கதை விடுகிறார்களோ என்று தோன்றும், ஆனால் தொழிற்சாலையில் தினமும் ஓடுகிறது.

கேள்வி: '3 நானோமீட்டர் சிப்' என்றால் டிரான்சிஸ்டரின் அளவா?

பதில்: இல்லை. அது தலைமுறையின் பெயர். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதிக்குக் கேட் என்று பெயர்; அடுத்தடுத்த கேட்களுக்கு இடையிலான தூரமே 40 நானோமீட்டருக்கு மேல்.

கேள்வி: அண்ணா, இவ்வளவு கஷ்டப்படுவதற்குச் சிப்பையே பெரிதாக்கினால் என்ன?

பதில்: இயந்திரம் ஒரு தடவையில் அச்சடிப்பது அதிகபட்சம் 26க்கு 33 மில்லிமீட்டர். அதைவிட, பழுதுதான் பெரிய தொல்லை. தகட்டில் அங்கங்கே பழுது இருக்கும். சிப் பெரிதாக ஆக, பழுதில்லாமல் தேறுவது குறையும். அதனால்தான் ஏஎம்டி நிறுவனம் சிப்லெட் எனப்படும் சின்னச் சின்ன சிப்புகளாகச் செய்து ஒன்றாக இணைக்கிறது. செரிப்ராஸ் நிறுவனம் மட்டும் பிடிவாதமாக முழுத் தகட்டையும் ஒரே சிப்பாக்கியது: 2021-இல் வந்ததில் 2.6 லட்சம் கோடி டிரான்சிஸ்டர்கள். பழுதான கோர்களை (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஒதுக்கி உபரிக் கோர்களுக்கு மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: டிரான்சிஸ்டர் எண்ணிக்கை கூடியும் சிப்பின் வேகம், அதாவது கிகாஹெர்ட்ஸ், ஏன் அந்த அளவுக்கு ஏறவில்லை?

பதில்: சூடு. டிரான்சிஸ்டர் சுருங்கினால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், அதே பரப்பில் சூடு ஏறாது என்று 1974-இல் ஐபிஎம்மின் டென்னார்டும் சகாக்களும் காட்டினார்கள். 2005 வாக்கில் அது நின்றுபோனது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க வேண்டுமானால், டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்த வரம்பையும் தாழ்த்த வேண்டும். அப்புறம் அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியும். எனவே வேகத்தை விட்டுவிட்டு, கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அவற்றையும் எல்லா நேரமும் முழு வேகத்தில் ஓட்ட முடியாது.