திறந்து விட்டு வளர்க்கும் நாட்டுக்கோழிகளைக் கூட்டுக்குள் முட்டையிட வைக்க முடியுமா?

முடியும், நாள் முழுக்க அடைத்துப் போடாமலே முடியும். ஏழெட்டு நாட்டுக்கோழி நிற்கிறது, விளையில் (வீட்டை ஒட்டிய தோட்டத்தில்) மேய விட்டால் வாழைமூட்டிலும் விறகு அடுக்கிலும் முட்டையிட்டுவிட்டு வருகிறது, பாதி காக்கைக்கும் கீரிக்கும் போகிறது, கூண்டில் அடைத்து வளர்க்கவும் மனசு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மனசு வராதது நல்லதுதான். சருகைக் கிளறி, கரையானும் புழுவும் பொறுக்கி, மண்ணில் குளித்துத் திரிந்த கோழியைத் திடீரென்று கம்பிக்குள் போட்டால் அது முட்டையிடும், ஆனால் வேலையில்லாமல் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். முட்டை இடுகிற நேரம் வரைக்கும் கூடு, அது கழிந்தால் விளை. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் என் அம்மை காலத்திலிருந்து இதுதான் வழக்கம், உங்களுக்கும் இதையே சொல்வேன்.

நீங்கள் முட்டை நஷ்டத்தைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைவிடக் கோழியை நினைத்துத்தான் பயம். நாட்டுக்கோழி வெளியே ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்த்துவிட்டால் அங்கேயே அடை உட்கார்ந்துவிடும், ராத்திரியும் எழுந்து வராது. மரப்பட்டியோ (மரநாய்) தெருநாயோ பக்கத்தில் வந்தால்கூட முட்டையை விட்டு ஓடாமல் இறகைப் பரத்திக்கொண்டு அப்படியே இருக்கும், காலையில் போய்ப் பார்த்தால் இறகுதான் கிடக்கும். நம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டமும் புதர் மண்டிய ஓடைக்கரையும் வீட்டுக்குப் பின்னாலேயே தொடங்கிவிடுகிற ஊர்கள் நிறைய. கீரியும் உடும்பும் சாரைப்பாம்பும் இல்லாத விளையே கிடையாது. அதனால் இந்தப் பழக்கத்தைக் கோழியின் உயிருக்காகவே செய்யுங்கள், முட்டை தானாகக் கிடைக்கும்.

சரி, எத்தனை மணி வரை அடைப்பது? ஒரு முட்டை கோழியின் உள்ளே உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும், அதில் ஓடு பிடிக்க மட்டும் சுமார் 20 மணி நேரம் போய்விடும். அதனால் இன்றைக்கு 7 மணிக்கு இட்ட கோழி நாளைக்கு 8 மணியை ஒட்டி, அதற்கு மறுநாள் இன்னும் தாமதமாக என்று தள்ளிக்கொண்டே போகும், மதியத்தைத் தாண்டிப் போகிற நிலை வந்ததும் ஒரு நாள் விட்டுவிட்டுத் திரும்பவும் காலையிலிருந்து தொடங்கும். பெரும்பாலான முட்டைகள் விடிந்து ஐந்தாறு மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்பதால் 11 மணி வரை அடைத்திருந்தால் போதும். கூட்டுக்குள் தண்ணீரும் கொஞ்சம் குருணையும் வைத்துவிடுங்கள், பசியோடு அடைத்தால் கோழிக்குக் கூட்டின் மேலேயே வெறுப்பு வரும்.

எட்டுக் கோழியையும் 11 மணி வரை அடைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். விடிந்ததும் கூட்டைத் திறக்கும் முன் ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, பின்பக்கத்தில் இடுப்பெலும்புக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக அமர்த்திப் பாருங்கள். அன்றைக்கு முட்டை இருக்கிற கோழிக்கு அங்கே கட்டியாகத் தட்டுப்படும். இல்லாததை உடனே விட்டுவிடலாம், இருப்பது மட்டும் இட்டுவிட்டுப் போகட்டும். அம்மை இதை இருட்டிலேயே செய்வாள், எது இன்றைக்கு இடும், எது நாளைக்கு என்று மனக்கணக்காக இருக்கும். பழகினால் உங்களுக்கும் வரும். அமர்த்துகிறேன் என்று அழுத்திவிடாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம்.

நேரத்தைவிடப் பெரிய விஷயம் இடம். கோழி ஏன் வாழைமூட்டுக்குப் போகிறது என்று ஒரு நாள் அந்த இடத்தில் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். காய்ந்த வாழையிலை தொங்கி மறைத்திருக்கும், உள்ளே அரையிருட்டு, முதுகுப் பக்கம் கன்று நெருக்கி நிற்கும், தரையில் மெத்தென்று சருகு, வெளியே பார்க்க ஒரே ஒரு வழி. முட்டையிட இதுதான் அதற்கு வேண்டும். நீங்கள் கூட்டின் நடுவில், வெளிச்சம் விழுகிற இடத்தில், மற்ற கோழிகள் மிதித்துக்கொண்டு போகிற தரையில் ஒரு தட்டில் வைக்கோல் போட்டு வைத்தால் அது எப்படி வரும்?

கூட்டின் இருண்ட மூலையில், தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் பெட்டி வையுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி அகலம் தாராளம், ரொம்பப் பெரிதாக இருந்தால் இரண்டு கோழி ஒன்றாக ஏறி முட்டையை உடைக்கும். பழைய ஓலைப்பெட்டி, வாய் உடைந்த பானையைச் சாய்த்து வைத்தது, தக்காளிப் பெட்டி எதுவானாலும் சரி, முன்பக்கம் பாதி மறைகிற மாதிரி ஒரு சாக்குத்துண்டைத் தொங்க விடுங்கள். அந்தச் சாக்குத்துண்டுதான் பாதி வேலையைச் செய்யும். உள்ளே நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் போதும். தேங்காய்த் தும்பு போடுவதானால் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள், நீளமாக இருந்தால் காலில் சுற்றி இறுகும், குஞ்சுகளுக்கு விரலே போய்விடும். மர மில்லிலிருந்து வாங்குகிற மரத்தூள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தூளில் பூசணம் பிடித்தால் கோழிக்கு மூச்சுக்கோளாறு வரும். கோழி உறங்குகிற கம்பு எப்போதும் பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், கோழிக்கு உயரமான இடத்தில்தான் உறக்கம், பெட்டி உயர்ந்திருந்தால் அதிலேயே அடைந்து எச்சமிட்டு நாறடித்துவிடும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி என்பது கணக்கு, உங்களுக்கு இரண்டு போதும். ஆனால் மூன்றாவதாக ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பெட்டியில் ஒரு முட்டை எப்போதும் கிடக்க வேண்டும். ஏற்கெனவே முட்டை இருக்கிற இடம் ஆபத்தில்லாத இடம் என்பது கோழியின் நினைப்பு. நிஜ முட்டையைக் கரியால் அடையாளமிட்டு வைக்கலாம், ஆனால் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் கெடும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். மரத்தில் கடைந்த முட்டை, பீங்கான் முட்டை, ஏன், முட்டை அளவுள்ள வெள்ளைக் கூழாங்கல்கூடப் போதும். எல்லா முட்டையையும் துடைத்து எடுத்துவிட்டுக் காலிப் பெட்டியை விட்டீர்களானால் நாட்டுக்கோழி மறுநாளே வேறு இடம் தேடப் போய்விடும்.

இதையெல்லாம் பழக்க நல்ல நேரம் விடைக்கோழிப் பருவம், அதாவது முதல் முட்டைக்குத் தயாராகிற பருவம். ஐந்தாறு மாதத்தில் கொண்டை சிவந்து வரும், கையை முதுகுப்பக்கம் கொண்டுபோனால் பதுங்கி உட்காரும், மூலைமுடுக்கில் எல்லாம் தலையை நுழைத்துப் பார்த்துக் கேறிக்கொண்டு திரியும். அந்த நேரத்தில் ஒரு பத்து நாள் அதை மதியம் வரை கூட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். முதல் முட்டையை எங்கே இடுகிறதோ அந்த இடத்தைக் கோழி எளிதில் விடாது. வயதான கோழியை மாற்றவும் முடியும், பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

ஒரு கோழி பெட்டிக்குள் போவதைத் தள்ளி நின்று முழுதாகப் பார்த்தால் எதுவெல்லாம் அதற்குத் தொந்தரவு என்று விளங்கும். முதலில் விளிம்பில் ஏறி நின்று கழுத்தை நீட்டி உள்ளே பார்க்கும், இறங்கிப் போகும், திரும்ப வரும். உள்ளே போனதும் ஒரு சுற்றுச் சுற்றி, நெஞ்சால் வைக்கோலை அமுக்கிக் குழி செய்யும். பிறகு ஒவ்வொரு வைக்கோலாகக் கொத்தி எடுத்துத் தன் முதுகின் மேலேயே போட்டுக்கொள்ளும். கண் பாதி சொருகி அரை மணி நேரம்கூட அப்படியே இருக்கும், கடைசியில் கொஞ்சம் எழும்பி நின்று முட்டையை விடும். அப்போது முட்டை ஈரமாகப் பளபளக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அந்த மெல்லிய பூச்சுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது, அதனால் முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இந்த நேரத்துக்குள் யாராவது கூட்டைத் திறந்தாலோ, நாய் குரைத்தாலோ, சேவலும் இன்னொரு கோழியும் உள்ளே சண்டை போட்டாலோ எழும்பி வந்துவிடும், பிறகு அன்றைக்கு முட்டை வாழைமூட்டில்தான். காலையில் கூட்டைப் பெருக்குகிற வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது பெட்டி அடைக்கோழிக்காக. ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால் பெட்டியை விட்டு இறங்காது, வருகிற மற்றதையெல்லாம் கொத்தி விரட்டும், அவை வெளியே போய்விடும். குஞ்சு பொரிக்க வைப்பதானால் அதை ராத்திரியில் முட்டையோடு தூக்கித் தனி இடத்தில் வையுங்கள், 21 நாள் அங்கேயே இருக்கட்டும். அடை வேண்டாமென்றால் அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து நாலைந்து நாள் விட்டால் தெளிந்துவிடும். மூக்கில் இறகைக் குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள், வாயில்லாத ஜீவனுக்கு அந்த வலி தேவையில்லை.

நன்றாகப் பெட்டியில் இட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று வெளியே போனால் உண்ணியைத் தேடுங்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பெட்டியின் இடுக்கையும் கம்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், தூசி நகர்வது போலச் சிறு உண்ணிகள் ஊரும். வைக்கோலை எடுத்து எரித்துவிட்டு, பெட்டியை வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பல் தூவிப் புது வைக்கோல் போடுங்கள். நொச்சி இலை போடுகிற வழக்கமும் உண்டு, நாங்களும் போடுவோம். இன்னொன்று ஒழுக்கு. ஜூனில் தென்மேற்கு மழையும் அக்டோபரில் வடகிழக்கு மழையும் என்று இரண்டும் அடிக்கிற ஊர் நம்முடையது, கூட்டுக்கூரை ஒழுகினால் கோழி உங்கள் விறகுப்புரையைத்தான் தேடும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, வெளிச்சம் இருந்தால் முட்டை கூடுமென்று கூட்டுக்குள் பல்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், குளிர்காலத்தில் பகல் எட்டு ஒன்பது மணி நேரமாகச் சுருங்குகிற ஊர்களுக்கு அது சரி, இங்கே ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பெட்டிக்கு வேண்டியது இருட்டு.

சாயங்காலம் தீனியைக் கூட்டுக்குள் மட்டும் போடுங்கள். பகலில் எவ்வளவு மேய்ந்தாலும் அந்தியில் ஒரு பிடி நெல்லோ குருணையோ உள்ளே கிடைக்கும் என்று தெரிந்தால் பலாமரத்தில் ஏறி அடைகிற கோழிகூட இறங்கி வரும், ராத்திரி உள்ளே அடைந்தால்தான் காலையில் உள்ளே இருக்கும். மரச்சீனித் தொலியை (மரவள்ளிக்கிழங்குத் தோலை) பச்சையாகப் போடாதீர்கள், அதில் விஷச்சத்து உண்டு. முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கியோ கடற்கரைச் சிப்பியை இடித்தோ தனிச் சிரட்டையில் வைத்தால் ஓடு கெட்டியாகும், தோல்முட்டை விழாது.

இப்போது கோழிகள் வெளியே முட்டையிடுகிற இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முட்டை தட்டுப்படுகிற கோழியை 10 மணி போல விட்டுவிட்டு, வெகு தூரத்தில் நின்று பார்வையில் வைத்திருங்கள். முட்டையிட்டதும் கேட்கிற கொக்கரிப்பை நம்பாதீர்கள், முட்டையிட்ட இடத்திலிருந்து தள்ளி வந்த பிறகுதான் அது சத்தம் போடும். இடம் தெரிந்ததும் முட்டைகளை எடுத்து, காய்ந்த இலைகளை அரிந்து வெளிச்சம் விழ வைத்து, ஒரு கல்லையோ முள்ளையோ போட்டு மூடுங்கள். எடுத்த முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அடியில் படுத்துக் கிடப்பது புதுசு, செங்குத்தாக நிற்பது பழசு, அதை உடைத்துப் பார்த்துத்தான் சமைக்க வேண்டும், மிதப்பது ஆகாது. மிதப்பதை வேலிக்கு வெளியே எறியாதீர்கள், நாய்க்கும் கீரிக்கும் ருசி பிடித்துவிடும், தென்னமூட்டில் ஆழமாகக் குழிதோண்டி மூடிவிடுங்கள்.